எலியட் போர்ட்டர்

எலியட் போர்ட்டர் (டிசம்பர் 6, 1901 - நவம்பர் 2, 1990) ஒரு அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆவார். இயற்கைக் காட்சிகளை வண்ணத்தில் படம்பிடிப்பதில் முன்னோடியாக இவர் கருதப்படுகிறார்.

வாழ்க்கை

இவர் இலினொய் மாநிலத்தின் வினெட்கா நகரில் பிறந்தார். ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியலும் மருத்துவமும் பயின்று, அங்கேயே உயிர்வேதியியல் கற்பித்தார். 1938-39இல் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் தமது நியூயார்க் காட்சியகத்தில் இவருடைய படங்களைக் காட்சிக்கு வைத்தார். அதன்பின் போர்ட்டர் கல்விப் பணியைத் துறந்து முழுநேர ஒளிப்படக் கலைஞரானார்.

ஒளிப்படப் பணி

செருமனியின் லின்ஹோஃப் நிறுவனம் தயாரித்த, மடித்து எடுத்துச் செல்லத்தக்க உலோக ஒளிப்படக் கருவியை இவர் பயன்படுத்தினார். அதில் ஒவ்வொரு படத்துக்கும் 4×5 அங்குல அளவுள்ள தனிப் படத்தகடு செருகப்படும். படத்தகட்டின் பரப்பு பெரிதாகையால் பாறை, பாசி, நீர் ஆகியவற்றின் நுண்ணிய விவரங்களும் தெளிவாகப் பதிந்தன. வண்ணப் படிகளைப் பெரும்பாலும் தாமே உருவாக்கினார்.

கிளென் பள்ளத்தாக்கு

1960 முதல் கொலராடோ ஆற்றின் கிளென் பள்ளத்தாக்கைப் படம்பிடித்தார். 1963இல் அணை மூடப்பட்டதும் பள்ளத்தாக்கு நீரில் மூழ்கத் தொடங்கியது. அதே ஆண்டு சியரா கழகம் இப்படங்களை நூலாக வெளியிட்டது. கிளென் பள்ளத்தாக்கை அந்நூலால் காக்க இயலவில்லை. எனினும், கிராண்ட் கேன்யன் பகுதியில் அணைகள் கட்டும் திட்டத்துக்குப் பின்னர் எழுந்த எதிர்ப்புக்கு அது வலுச்சேர்த்தது. அத்திட்டம் 1968இல் கைவிடப்பட்டது.