படகுக்கு விசை தந்த ஓலே எவின்ரூட்

சென்ற மாசி மாதத்தில் ஒரு நாள் காலை, நீரின் மாதிரிகளை எடுப்பதற்காக எங்கள் துறையின் சிறு படகில் நடு ஏரிக்குச் சென்றிருந்தேன். கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் போயிருப்போம். படகின் பின்புறத்தில் மாட்டியிருந்த பழைய மோட்டார் சூடேறி நின்றுவிட்டது. சுற்றிலும் தண்ணீர், ஆனால் தண்ணீர் கிடைக்காமல் ஓர் இயந்திரம் காய்ந்துபோயிற்று!

பிழை என்னுடையதுதான். முதல் நாள் மாலை, மோட்டார் ஓடுகிறதா என்று பார்ப்பதற்காக, கரையில் வைத்தே சில நிமிடங்கள் அதை ஓடவிட்டிருந்தேன். அந்தச் சில நிமிடங்களின் தண்டனையாகத் துடுப்புப் போட்டுக்கொண்டு கரை திரும்பினோம். என் உள்ளங்கைகள் இரண்டும் கொப்புளித்துப் போயின.

மறுநாள், ஏரிக்கரையில் படகு ஓட்டும் முதியவர் ஒருவர் எனக்கு வழிகாட்டினார். எழுதப் படிக்கத் தெரியாதவர் அவர், நானோ எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு மாணவன். மோட்டாரின் கால்பகுதியைக் கழற்றியதும் உள்ளே நீர் இறைக்கும் பம்பு தெரிந்தது. உள்ளங்கையில் அடங்கும் ரப்பர்ச் சக்கரம் ஒன்று; அதைச் சுற்றி இதழ்கள். சக்கரம் இருக்கும் அறையின் நடுவில் அது இல்லை. ஒரு புறமாக ஒதுங்கி இருக்கிறது. ஆகவே சுழலும்போது ஒரு பக்கம் இதழ்கள் விரிந்து நீரை உள்ளே இழுக்கின்றன. மறுபக்கம் மடங்கி, அந்த நீரை மேலே உள்ள இயந்திரத்துக்குத் தள்ளுகின்றன. இயந்திரத்தைக் குளிர்விப்பது அந்த நீர். ரப்பர் தேயாமல் வழுக்கிச் சுழல உதவுவதும் அதே நீர்தான். நீரின்றி ஓடினால் ரப்பர் கருகிப் பிய்ந்துவிடும். எங்கள் சக்கரத்தில் மூன்று இதழ்கள் பிய்ந்து போயிருந்தன.

புதுச் சக்கரம் மாட்டினால் போதும் என்று நான் நினைத்தேன். முதியவர் தலையை அசைத்து மறுத்தார். பிய்ந்த துண்டுகள் எங்கே என்று தேடச் சொன்னார். மேலே போகும் குழாயில் அவை அடைத்துக்கொண்டிருந்தன. அவற்றை எடுக்காமல் விட்டிருந்தால் புதுச் சக்கரமும் பயன்பட்டிருக்காது. குழாயை ஊதிச் சுத்தம் செய்தோம். சக்கரத்தில் சோப்பு நீர் தடவி, தண்டு சுழலும் திசையிலேயே மெல்லத் திருப்பி, இதழ்கள் ஒரே பக்கம் மடங்கும்படி அதை அறைக்குள் இறக்கினோம். ஒரு பீப்பாய் நிறைய நீர் நிரப்பி, அதில் மோட்டாரின் காலை அமிழ்த்தி ஓடவிட்டபோது, பக்கத்துத் துளையிலிருந்து நூல்போல் நீர் பீய்ச்சியடித்தது. தேர்வில் வென்ற அன்றும் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி இருந்ததில்லை.

படகின் முதுகில் மோட்டாரை மாட்டலாம் என்று முதலில் எண்ணியவர் யார்? இந்தக் கேள்வி என்னை நூலகத்துக்கு அழைத்துச் சென்றது. அங்கே கிடைத்த வாழ்க்கையைத்தான் நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஓலே எவின்ரூட் 1877ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் நார்வே நாட்டில் பிறந்தார். தந்தை முதலில் தனியே அமெரிக்கா சென்று, பிறகு மனைவியையும் மக்களையும் வரவழைத்துக்கொண்டார். இதைப் படித்தபோது நான் சற்றே நின்றுவிட்டேன். என் தந்தையாரும் பிழைப்புக்காக முதலில் தனியே வடக்கே வந்து, ஓராண்டுக்குப் பின்தான் எங்களை அழைத்துக்கொண்டார். கப்பலில் வரும்போது சிறுவன் ஓலே அடிக்கடி இயந்திர அறைக்கு ஓடிவிடுவானாம். அவனைத் தேடிப் பிடித்து வருவதே தாய்க்கு வேலையாக இருந்ததாம்.

விஸ்கான்சின் மாநிலத்தில், கேம்பிரிட்ஜ் என்ற சிற்றூரின் அருகே, ரிப்ளி ஏரியை அடுத்து அந்தக் குடும்பம் உழுது வாழ்ந்தது. ஓலே பள்ளிக்கூடத்தில் கழித்த ஆண்டுகள் மிகச் சில. 16 வயதில், ஏறத்தாழ 20 மைல் தொலைவிலுள்ள மாடிசன் நகருக்கு நடந்தே சென்று, உழவு இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். பகலில் இரும்போடு உழைத்தார். இரவில் கணக்கும் பொறியியலும் தாமே கற்றார். பின்னர்ப் பிட்ஸ்பர்க், சிகாகோ முதலிய நகரங்களில் வேலை செய்து, 1900ஆம் ஆண்டளவில் மில்வாக்கி நகரில் தங்கினார். சிறு சிறு என்ஜின்களைச் செய்து விற்க முயன்றார். அந்த நாள்களில் அவருக்குக் கடிதங்கள் எழுதி உதவிய பெஸ் கேரி என்னும் பெண்ணே 1906இல் அவருடைய வாழ்க்கைத் துணைவியானார்.

ஒரு கோடை நாளின் கதை இன்றும் சொல்லப்படுகிறது. ஒக்காச்சி ஏரியில் நண்பர்களோடு உண்டு களித்திருந்தபோது பெஸ் ஐஸ்கிரீம் வேண்டும் என்றார். ஓலே உடனே இரண்டரை மைல் துடுப்புப் போட்டுச் சென்றார். வாங்கிக்கொண்டு திரும்பி வருவதற்குள் ஐஸ்கிரீம் உருகிவிட்டது! அன்று வலித்த தோள்தான் படகுக்கு ஒரு விசை வேண்டும் என்று நினைத்ததாம். கொப்புளித்த கைகளோடு இதைப் படித்த நான் எப்படி நம்பாமல் இருப்பேன்?

ஆனால் ஓர் உண்மையை மறைக்கக்கூடாது. படகில் மாட்டும் மோட்டாரை முதலில் செய்தவர் எவின்ரூட் அல்லர். அவருக்கு முன்பே அமெரிக்காவில் வேறு சிலர் செய்து விற்றிருந்தனர். அவருடைய பெருமை வேறு. உருளையைப் படுக்க வைத்தார். சுழல்தண்டை நிமிர்த்தி வைத்தார். அந்தத் தண்டை நேரே நீருக்குள் இறக்கி, பற்சக்கரத்தால் விசிறியைச் சுழற்றினார். எளிமையானது, உறுதியானது, யாரும் கழற்றிப் பூட்டக்கூடியது. பின்னால் வந்த மோட்டார்கள் பெரும்பாலும் அந்த அமைப்பையே பின்பற்றின. ரப்பர்ச் சக்கரம் அவர் காலத்துக்குப் பிற்பட்டது; ஆனால் ஏரி நீரையே எடுத்து என்ஜினைக் குளிர்விக்கும் முறை அவருடைய மோட்டாரிலும் இருந்தது. 1909இல் விற்பனைக்கு வந்த அந்த மோட்டாரின் ஆற்றல் ஒன்றரைக் குதிரைத்திறன். எடை 62 பவுண்டு, அதாவது சுமார் 28 கிலோ. 1911இல் காப்புரிமையும் கிடைத்தது.

மோட்டாரைச் செய்தவர் ஓலே. அதை உலகுக்கு அறிவித்தவர் பெஸ். விளம்பரம் எழுதியவர், கணக்குப் பார்த்தவர், கடிதங்களுக்கு விடை எழுதியவர் எல்லாம் அவரே. கடல் கடந்த நாடுகளுக்கும் மோட்டார்கள் சென்றன. ஓலே பிறந்த ஸ்காண்டிநேவியப் பகுதியின் மீனவர்கள் அவற்றை விரும்பி வாங்கினர். ஆனால் ஓயாத உழைப்பால் பெஸ்ஸின் உடல்நிலை கெட்டது. தொழில் உச்சத்தில் இருந்த வேளை அது. வேறொருவராயிருந்தால் என்ன செய்திருப்பார்? எவின்ரூட் தம் பங்கைக் கூட்டாளியிடம் விற்றார். ஐந்து ஆண்டுகள் இதே தொழிலில் இறங்குவதில்லை என்ற நிபந்தனைக்கும் ஒப்புக்கொண்டார். மனைவியையும் மகன் ரால்ஃபையும் அழைத்துக்கொண்டு ஊர் ஊராகப் பயணம் செய்தார்.

அந்த ஓய்வில் அவர் சிந்தனை ஓய்ந்துவிடவில்லை. அலுமினியத்தைப் பயன்படுத்தி, இரண்டு உருளைகள் கொண்ட புதிய மோட்டார் ஒன்றை வடிவமைத்தார். ஆற்றல் 3 குதிரைத்திறன்; எடையோ 48 பவுண்டுதான். ஆற்றல் இரட்டித்தது, எடை குறைந்தது! நிபந்தனைக் காலம் முடிந்ததும் அதைப் பழைய கூட்டாளியிடமே முதலில் கொண்டு சென்றார். அவர் வேண்டாம் என்றுவிட்டார். தம் பெயரைத் தாங்கிய நிறுவனம் பிறர் கையில் இருக்க, எவின்ரூட் 'எல்டோ' என்ற புதிய பெயரில் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். புதிய மோட்டார் பழையதை வென்றது. 1929இல் நிறுவனங்கள் ஒன்றாக இணைந்தபோது, எவின்ரூட்டே அவற்றின் தலைவரானார்.

1933இல் பெஸ் மறைந்தார். அடுத்த ஆண்டு ஜூலை 12ஆம் நாள், 57ஆம் வயதில் ஓலேயும் மறைந்தார். பின்னர் அந்தப் பெயர் பல கைகள் மாறியது. 2020இல் எவின்ரூட் மோட்டார்களின் உற்பத்தியே நிறுத்தப்பட்டது. பெயர் நின்றது, அவர் தந்த அமைப்பு நிற்கவில்லை. ஏரிகளிலும் கடலோரங்களிலும் அது இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

நண்பர்களே! ஆய்வுக்கூடத்தில் வெப்பத்தைப் பற்றி நான் எத்தனையோ சமன்பாடுகள் எழுதியிருக்கிறேன். ஆனால் கரையில் நீரின்றி மோட்டாரை ஓடவிட்டபோது அவற்றில் ஒன்றுகூட என் நினைவுக்கு வரவில்லை. முதியவருக்குச் சமன்பாடு தெரியாது. துண்டுகள் எங்கே அடைத்திருக்கும் என்று தெரிந்திருந்தது. எவின்ரூட்டிடம் இந்த இரண்டு அறிவும் ஒருங்கே இருந்தன. பகலில் கை கற்றதை இரவில் நூல் விளக்கியது. நூல் விளக்கியதைக் காலையில் கை சரிபார்த்தது. நமக்கு நூல் கிடைத்துவிட்டது. கை கற்கவேண்டியதே மிச்சம்.

இப்போது ஏரிக்குப் போகும்போதெல்லாம் மோட்டாரின் பக்கத்துளையைத்தான் முதலில் பார்க்கிறேன். நூல்போல் நீர் வருகிறதா என்று பார்த்த பிறகே படகைக் கரையிலிருந்து நகர்த்துகிறேன். படகில் துடுப்பும் இருக்கிறது.