பருத்தியின் பகைவனை ஆராய்ந்த சதாசிவன்

நேற்றுவரை பச்சைப் பசேலென்று நின்ற பருத்திச் செடி இன்று துவண்டு கிடக்கிறது. தண்ணீர் பாய்ச்சினாலும் நிமிரவில்லை. உழவரின் பாடெல்லாம் வீண்! இதுதான் வாடல் நோய்.

இந்த நோயை ஆராய்ந்து புகழ் பெற்றவர் டாக்டர் டி. எஸ். சதாசிவன். 1913-ல் பிறந்தவர். இங்கிலாந்தில் ராதாம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில், மண்ணில் வாழும் காளான்களைப் பற்றி ஆராய்ந்தார். 1944-ல் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆராய்ச்சிக் கூடத்துக்குத் தலைவரானார். மயிலாப்பூருக்கு வடக்கே, சேப்பாக்கத்தில் இருந்தது அந்தக் கூடம்.

நோய்க்குக் காரணம் என்ன? பியூசேரியம் என்னும் பூஞ்சக்காளான். அது மண்ணில் பல ஆண்டுகள் பதுங்கியிருக்கும். வேர் வழியாகப் புகுந்து, செடியின் நீர்க் குழாய்களில் பரவும். பியூசாரிக் அமிலம் என்ற விஷத்தையும் கக்கும். நோயுற்ற பருத்திச் செடிக்குள்ளேயே அந்த விஷம் இருப்பதைச் சதாசிவனின் மாணவர்கள் 1950-களில் கண்டறிந்தார்கள்.

அதே வயலில் வேறொரு ரகம் வாடாமல் நிற்கிறதே, எப்படி? காளான் நுழைந்தவுடனே அந்தச் செடி தன் குழாய்களைப் பிசினால் அடைத்து, அதை மேலே ஏறவிடாமல் தடுக்கிறது. காளானுக்கு ஆகாத பொருள்களையும் சுரக்கிறது. இதைத் தாமதமாகச் செய்யும் செடி மடிந்துவிடுகிறது.

எதிர்த்து நிற்கும் ரகங்களைப் பொறுக்கிப் பெருக்கினால், நோய் கண்ட நிலத்திலும் விளைச்சல் காணலாம். ஆனால் காளானும் புதுப்புது வடிவம் எடுக்கும். ஆகவே ஆராய்ச்சிக்கு ஓய்வில்லை.

சதாசிவனுக்கு 1974-ல் பத்ம பூஷண் விருது கிடைத்தது. 2001-ல் அவர் காலமானார். அவர் வளர்த்த ஆராய்ச்சிக் கூடம் இன்று அடையாற்றை அடுத்த கிண்டியில் இயங்கி வருகிறது.