வாந்திபேதிக் காலத்து வைத்தியர் கிறீன்

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தவர்களுக்குத் தண்ணீரின் அருமையை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பின்னர் முகாம்களில் பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றால் ஜீவனிப் பைக்கற்றைத்தான் தேடினோம். தண்ணீரோடு ஏன் உப்பும் சீனியும் என்ற கேள்விக்குப் பதில் உடற்றொழிலியலில் இருக்கிறது. அந்தத் துறையைத் தமிழில் எழுத முதலில் முனைந்தவர்களில் ஒருவர் மானிப்பாயில் வாழ்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரரில் 1822 இல் பிறந்தவர். அமெரிக்க மிசனின் வைத்தியராக 1847 இல் யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டு மானிப்பாயில் நோயாளரைப் பார்ப்பதோடு இளைஞருக்கு மருத்துவமும் கற்பிக்கத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில்தான். இடையில் ஊர் போய் 1862 இல் திரும்பிய பிறகு, 1864 முதல் தமிழில். ஆங்கிலம் படித்தவர் அரச உத்தியோகத்துக்குப் போய்விடுவார், தமிழில் படித்தவர் கிராமத்தில் நிற்பார் என்பது அவர் கணக்கு. அதற்குப் புத்தகம் வேண்டுமே! இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம் என்று மாணவர்களின் துணையோடு மொழிபெயர்த்தார். கலைச்சொற்களையும் அவர்களே உருவாக்க வேண்டியிருந்தது.

அவர் இங்கிருந்தபோது, 1866–67 இல், வாந்திபேதி குடாநாட்டை உலுக்கியது. நல்ல உடலில் இரத்தத்தின் உப்பு சற்றுக் கூடினாலே மூளை தாகத்தை எழுப்பும். நீரைச் சேமிக்கும்படி சிறுநீரகங்களுக்கு ஓமோன் மூலம் செய்தி போகும். அவை நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லீற்றர் வடித்து, ஒன்றரை லீற்றர் அளவையே வெளியே விடுகின்றன. வாந்திபேதியில் குடல்வழியாக ஒரே நாளில் பத்து லீற்றருக்கு மேலும் போகலாம். அந்த இழப்பைச் சிறுநீரகத்தால் ஈடுகட்ட முடியாது. கண் குழிவிழும், நாடி ஒடுங்கும், சிறுநீர் நிற்கும்.

1832 இலேயே ஸ்கொட்லாந்து வைத்தியர் தோமஸ் லற்றா நாளத்தில் உப்புநீர் ஏற்றிச் சிலரைப் பிழைக்க வைத்திருந்தார். வைத்திய உலகம் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அபினும் இரசக் கலவைகளுமே கிறீன் காலத்து வழக்கமான மருந்துகள். ஆகவே அவரிடம் வாந்திபேதிக்கு மாற்று இருந்தது என்று சொன்னால் அது புகழ்ச்சிப் பொய்.

மாற்று வர நூறு ஆண்டுகள் சென்றன. வாந்திபேதியிலும் குடல் சீனியோடு சேர்ந்த உப்பை உறிஞ்சும், அதன் பின்னால் தண்ணீரும் போகும் என்பது பின்னரே தெளிவானது. 1971 இல் வங்கதேசப் போர் அகதிகள் குவிந்த பொங்கான் முகாமில் திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலைக் குடிக்கக் கொடுத்தார். 30 வீதமளவில் இருந்த இறப்பு 4 வீதத்துக்கும் கீழே இறங்கியது.

கிறீன் 1873 இல் உடல்நலம் குன்றி ஊர் திரும்பினார். அங்கிருந்தும் தமிழ் வேலையை விடவில்லை. டால்ரனின் உடற்றொழிலியல் நூல் மனுஷ சுகரணம் என்ற பெயரில் 1883 இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அவர் இறந்தார். தமக்கு நினைவுக்கல் வைத்தால் தமிழருக்கு ஊழியம் செய்த வைத்தியர் என்று அதில் குறிக்கும்படி கேட்டிருந்தார். வூஸ்ரர் கல்லறையில் அப்படியே பொறித்திருக்கிறார்கள்.