அவகாதரோ: எண்ணிக்கையிலிருந்து திணிவுக்கு வழிகாட்டியவர்



மூல் பின்னத்தைத் தந்து திணிவைக் கேட்கும் கணக்கை நீங்கள் செய்யும் ஒவ்வொரு முறையும் ஒருவரின் சிந்தனையைப் பயன்படுத்துகிறீர்கள். அவர் இத்தாலிய விஞ்ஞானி அமேதேயோ அவகாதரோ. அவரது வாழ்க்கையை அறிந்துகொண்டால் இக்கணக்கின் பொருளும் உங்களுக்குத் தெளிவாகும்.

பிறப்பும் கல்வியும்

அவகாதரோ 1776 ஓகஸ்ட் 9 ஆந் திகதி வட இத்தாலியின் துரின் நகரிற் பிறந்தார். தந்தையார் சட்டத்துறையிற் பெயர் பெற்றவர். மகனும் அதே வழியில் 1796 இல் திருச்சபைச் சட்டத்தில் பட்டம் பெற்றுச் சட்டத் தொழிலில் ஈடுபட்டார். ஆனால் அவரது நாட்டம் கணிதத்திலும் பௌதிகவியலிலுமே இருந்தது. 1800 அளவில் அப்பாடங்களைத் தாமாகவே கற்கத் தொடங்கினார். 1809 இல் வேர்செல்லி என்னும் சிறு நகரில் ஆசிரியரானார்.

1811 ஆம் ஆண்டின் கருதுகோள்

அக்காலத்தில் விஞ்ஞானிகளைக் குழப்பிய வினா ஒன்று இருந்தது. 2 கனவளவு ஐதரசனும் 1 கனவளவு ஒட்சிசனும் சேர்ந்தால் 2 கனவளவு நீராவி கிடைக்கிறது. வாயுக்கள் இவ்வாறு எளிய விகிதத்திற் சேருவதை 1808 இல் கேலுசாக் காட்டியிருந்தார். இது ஏன் என்பதற்கு யோன் தாற்றனின் அணுக்கொள்கையால் விடை கூற முடியவில்லை.

அவகாதரோ 1811 இல் வெளியிட்ட கட்டுரையில் இரண்டு கருத்துகளை முன்வைத்தார். ஒன்று, ஒரே வெப்பநிலையிலும் அமுக்கத்திலும் உள்ள சம கனவளவு வாயுக்களில் சம எண்ணிக்கையான மூலக்கூறுகள் உண்டு. மற்றையது, ஐதரசன், ஒட்சிசன் போன்ற வாயுக்களின் மூலக்கூறு ஒரு தனி அணுவன்று, அது பிரியக்கூடியது. ஓர் ஒட்சிசன் மூலக்கூறு இரண்டாகப் பிரிவதாலேயே 2 கனவளவு நீராவி உண்டாகிறது.

இதனால் பெரும் பயன் விளைந்தது. சம கனவளவு ஒட்சிசன், ஐதரசனிலும் 16 மடங்கு திணிவுடையது. எண்ணிக்கை சமமாகையால், ஓர் ஒட்சிசன் மூலக்கூறும் ஓர் ஐதரசன் மூலக்கூறிலும் 16 மடங்கு திணிவுடையதாக இருத்தல் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகளின் திணிவைத் தராசின் உதவியால் ஒப்பிட முடிந்தது.

ஏற்கப்படாத காலம்

ஒரே வகை அணுக்கள் ஒன்றோடொன்று சேரமாட்டா என்று தாற்றன் முதலியோர் கருதியதால் அவகாதரோவின் கருத்து ஏற்கப்படவில்லை. 1820 இல் துரின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அரசியற் கிளர்ச்சியை அடுத்த காலத்தில் அப்பதவியை இழந்தார். 1834 இல் மீண்டும் அதைப் பெற்று 1850 வரை கற்பித்தார். 1856 யூலை 9 ஆந் திகதி காலமானார்.

நான்கு ஆண்டுகளின் பின், 1860 இல், ஜேர்மனியின் கார்ல்ஸ்ருஹே நகரில் இரசாயனவியலாளர் மாநாடு கூடியது. அங்கே கன்னிசாரோ என்னும் இத்தாலியர் அவகாதரோவின் கருத்தைக் கொண்டு அணுத்திணிவுகளைச் சரியாகக் காணலாம் என்று விளக்கினார். அதன் பின்னரே உலகம் அதனை ஏற்றது. 1909 இல் பெரின் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி ஒரு மூலிலுள்ள துணிக்கைகளின் எண்ணிக்கைக்கு அவகாதரோவின் பெயரைச் சூட்டினார். அவகாதரோ அந்த எண்ணைக் கணித்தவரல்லர் என்பதைக் கவனியுங்கள். 2019 முதல் அதன் பெறுமானம் 6.02214076 × 10²³ என நிலையாக வரையறுக்கப்பட்டுள்ளது. கணக்குகளில் 6.022 × 10²³ எனக் கொள்வோம்.

பாடத்துடன் தொடர்பு

கல்முனைச் சந்தையில் ஒரு தேங்காயும் ஒன்பது தேசிக்காயும் வாங்கி ஒரு பையில் இடுகிறீர்கள் எனக் கொள்வோம். எண்ணிக்கைப்படி தேங்காய் பத்தில் ஒரு பங்கு. ஆனால் பையைத் தூக்கினால் பாரத்தின் பெரும் பகுதி தேங்காயினுடையது. மூல் பின்னம் கூறுவது எண்ணிக்கைப் பங்கையே, திணிவுப் பங்கையன்று. ஒன்றிலிருந்து மற்றையதற்குச் செல்லும் பாலம் மூலர்த் திணிவு ஆகும்.

உதாரணம்: வயலுக்கு இடும் யூரியாவை நீரிற் கரைத்துப் பெற்ற 222 கிராம் கரைசலில் யூரியாவின் மூல் பின்னம் 0.1 ஆகும். யூரியாவின் திணிவு யாது? (மூலர்த் திணிவு: யூரியா 60 கிராம், நீர் 18 கிராம்)

படி 1: மொத்தம் 1 மூல் எனக் கொள்க. யூரியா 0.1 மூல், நீர் 0.9 மூல்.
படி 2: மூலர்த் திணிவாற் பெருக்குக. யூரியா 0.1 × 60 = 6 கிராம்; நீர் 0.9 × 18 = 16.2 கிராம்.
படி 3: கூட்டுக. 6 + 16.2 = 22.2 கிராம்.
படி 4: தரப்பட்ட கரைசல் இதன் 10 மடங்கு. ஆகவே யூரியா 6 × 10 = 60 கிராம்.

222 ஐ 0.1 ஆல் நேரடியாகப் பெருக்கி 22.2 கிராம் என எழுதினால் விடை பிழை. அவ்வாறு எழுதுபவர் தேங்காயையும் தேசிக்காயையும் ஒரே பாரமாகக் கொண்டவராவார்.

பயிற்சி: ஒட்சிசனும் நைதரசனும் கலந்த 72 கிராம் வாயுக் கலவையில் ஒட்சிசனின் மூல் பின்னம் 0.2 ஆகும். ஒட்சிசனின் திணிவைக் காண்க. (மூலர்த் திணிவு: ஒட்சிசன் 32 கிராம், நைதரசன் 28 கிராம்)
விடை: 16 கிராம்

ஞாபகத்திற் கொள்க

முதலில் மூல், அடுத்து மூலர்த் திணிவு, பின்னரே திணிவு. அவகாதரோவின் கருத்தை உலகம் ஏற்றுக்கொள்ள ஏறத்தாழ 50 ஆண்டுகள் சென்றன. எண்ணிக்கையும் திணிவும் வெவ்வேறு. நீங்கள் பரீட்சை மண்டபத்தில் ஒரு நிமிடம் நிதானித்து இந்த வேறுபாட்டை நினைத்தால் போதும், புள்ளிகள் உங்களுடையவை.