மேற்றிராணியார் லாஸ் காஸாஸ் சரித்திரம்

ஒரு தேசத்தார் அயல்நாட்டாருக்கு இழைத்த கொடுமையை அத்தேசத்திற் பிறந்தவரே எடுத்துரைத்து, அதன்பொருட்டுத் தம்மவரால் பகைக்கப்பட்டு வாழ்தல் சரித்திரத்தில் அரிதாகக் காணும் காட்சியாம். அமெரிக்காக் கண்டத்துப் பூர்வகுடிகளின்பொருட்டு அவ்வாறு ஐம்பதாண்டுகள் வாதாடியவர் ஸ்பெயின் தேசத்துக் குருவாகிய பர்த்தொலொமே தெ லாஸ் காஸாஸ். அவருடைய சரிதையை நம் சங்கத்து அன்பர்களுக்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

இவர் 1484-ஆம் வருஷம் செவில் நகரில் ஜனித்தார். தந்தையார் பேத்ரோ ஒரு வர்த்தகர். அவர் 1493-இல் கொலம்பஸின் இரண்டாம் யாத்திரையில் உடன்சென்று, மீண்டபோது தைனோ இனத்துச் சிறுவன் ஒருவனை அடிமையாகக் கொணர்ந்து மகனுக்குப் பணிவிடை செய்ய அளித்தார். இசபெல்லா ராணியாரின் ஆக்ஞைப்படி 1500-இல் அச்சிறுவன் திருப்பி அனுப்பப்பட்டான். இந்நிகழ்ச்சி இளைஞரின் போக்கை மாற்றிற்றில்லை. 1502-இல் தாமும் பொருள் தேடி ஹிஸ்பானியோலாத் தீவுக்குக் கப்பலேறினார். இக்காலத்து ஹெயிட்டியும் டொமினிகன் குடியரசும் அமைந்துள்ள தீவு அதுவே.

அங்கே அவருக்கு நிலமும் ஆட்களும் வழங்கப்பட்டன. நம் நாட்டில் இனாம் என்றால் நிலத்தையே நினைப்போம். அங்கோ, எங்கோமியெந்தா என்னும் ஏற்பாட்டின்படி இன்னாருக்கு இத்துணைக் குடிகள் என மனிதரின் உழைப்பே பகுத்தளிக்கப்பட்டது. பெற்றவர் அக்குடிகளுக்குக் கிறிஸ்து மதத்தைப் போதிக்கவேண்டுமென்பது நிபந்தனை. போதனை எவ்வளவு நடந்ததோ, பொன் அரிப்பும் வயல்வேலையும் ஓயாது நடந்தன. பட்டினியாலும், வேலைக் கொடுமையாலும், பின்னர் ஐரோப்பாவிலிருந்து வந்த நோய்களாலும் அத்தீவின் குடிகள் ஒரு தலைமுறைக்குள் பெரும்பாலும் அழிந்தொழிந்தனர்.

1511-ஆம் வருஷக் கடைசியில் சாந்தோ தொமிங்கோ நகரத்துக் கோயிலில் தொமினிக் சபையைச் சேர்ந்த மோந்தெஸினோஸ் என்னும் குரு, இக்குடிகளும் மனிதரல்லரோ என்னும் கருத்துப்படக் கடிந்து பிரசங்கித்தார். குடியேறியோர் கொதித்தெழுந்தனர். லாஸ் காஸாஸ் அப்போதே குருப்பட்டம் பெற்றிருந்தும், தம் ஆட்களை விட மனமில்லாதிருந்தார். அச்சபைக் குரு ஒருவர், ஆட்களை வைத்திருக்கும் உமக்குப் பாவமன்னிப்பு அளியேம் என மறுத்தபோதும், அவரோடு வாதித்தாரேயன்றி மனந்திரும்பினாரில்லர்.

கியூபாத் தீவை வசப்படுத்தச் சென்ற சேனைக்கு இவர் 1513-இல் குருவாக அமர்ந்தார். கவோனாவோ என்னும் ஊரில் குடிகள் மீனும் கிழங்கு ரொட்டியும் கொணர்ந்து உபசரித்து, தாம் முன்பு கண்டிராத குதிரைகளை வியந்து நோக்கிக் குந்தியிருந்தனர். வழியில் ஓடைக் கற்களில் தீட்டப்பட்டிருந்த வாட்கள் திடீரென உருவப்பட்டன. ஆண், பெண், குழந்தை என்னும் பேதமின்றி வெட்டி வீழ்த்தினர். இவர் ஓடியோடித் தடுத்தும் பயனில்லை. இத்துணையும் கண்ணாரக் கண்டவர் அதன்பின் அத்தீவிலேயே அரிமாவோ நதிக்கரையில் நிலமும் குடிகளும் பெற்று வாழ்ந்தார் என்பதை மறைத்தெழுதுதல் தகாது. மனிதர் மனம் மாறும் காலம் நாம் எதிர்பார்க்கும் காலமன்று போலும்.

1514-ஆம் வருஷம் பெந்தெகொஸ்தே திருநாள் பிரசங்கத்துக்காகச் சீராக் ஆகமத்தைப் புரட்டியபோது, ஏழைகளிடம் பறித்த பொருளைக் காணிக்கையாக்கின் கடவுள் ஏற்கார் என்னும் பகுதி அவர் நெஞ்சில் தைத்தது. சிலநாள் சிந்தித்தார். தாம் விட்ட குடிகளை வேறொருவர் பெற்று இன்னும் வதைப்பர் என்பதை அறிந்தேயிருந்தார். எனினும் அவர்களைத் தம் கையில் வைத்துக்கொண்டு பிறர்க்கு உபதேசிக்கலாகாதெனத் துணிந்து கைவிட்டார். ஆகஸ்டு 15-ஆம் நாள், தேவமாதாவின் திருநாளன்று, அதனைப் பிரசங்கத்தில் வெளியிட்டார். கேட்டோர் திகைத்தனர்.

பின்பு ஸ்பெயின் சென்று பெர்தினாந்து அரசரைக் கண்டார். அரசர் 1516-இல் இறந்துபட, கர்தினால் சிஸ்னேரோஸ் இவரை இந்தியக் குடிகளின் பாதுகாவலராக நியமித்தார். இவர் வாழ்விற் பெருங்களங்கம் படிந்ததும் அவ்வருஷமே. தீவுக் குடிகளின் சுமையைக் குறைக்கவேண்டி, அடிமைகளை, அவர்களுள் நீக்ரோவரையும், கொணரலாமென யோசனை கூறினார். ஆபிரிக்க அடிமைகள் முன்னரே அங்குக் கொண்டுவரப்பட்டிருந்தனர் என்பது மெய்யே. ஆயினும் ஓரினத்தாரின் கண்ணீரைத் துடைக்க மற்றோரினத்தாரை வருத்த ஒப்பியது இவர் வாக்காம். போர்ச்சுகேசியர் ஆபிரிக்காவில் அடிமைகளைப் பிடித்த அநியாயம் பின்னர் விளங்கியபோது, தாம் எழுதிய இந்திய தேசங்களின் சரித்திரத்தில் தம்மைத்தாமே குற்றவாளியாக்கி, அறியாமை தம்மைத் தெய்வ சந்நிதியில் காக்குமோ என்று ஐயுற்றார். அவ்வாக்குமூலத்தை அவர் பகைவர் எழுதவில்லை, அவரே எழுதிவைத்தார்.

வெனிசுவேலாக் கரையில் குமானாவில் அமைதியான குடியேற்றம் அமைக்க முயன்று தோற்றபின், தொமினிக் சபையிற் சேர்ந்து சில ஆண்டுகள் கல்வியில் மூழ்கினார். சக்ரவர்த்தி ஐந்தாம் சார்லஸ் 1542-ஆம் வருஷம் நவம்பரில் புதிய சட்டங்களைப் பிறப்பித்ததற்கு இவருடைய இடையறாத முறையீடு ஒரு முக்கிய காரணம். இனிப் பூர்வகுடிகளை அடிமைகளாக்கலாகாது. எங்கோமியெந்தா தந்தையிடமிருந்து மைந்தனுக்கு இறங்கலாகாது என அச்சட்டங்கள் விதித்தன. பெருவில் குடியேறியோர் கலகம் விளைத்து 1546-இல் ராஜப்பிரதிநிதியையே கொன்றனர். அதற்குமுன் 1545-லேயே பரம்பரைப் பாத்தியதையைத் தடுத்த விதி நீக்கப்பட்டுவிட்டது.

சியாப்பாஸ் மாகாணத்து மேற்றிராணியாராக 1545-இல் வந்த இவர், அடிமைகளை விடாதார்க்குப் பாவமன்னிப்பு அளிக்க மறுத்தார். முன்பு தமக்கு மறுக்கப்பட்டதையே இப்போது தாம் மறுத்தார் என்பது கருதற்பாலது. ஊரார் கலகஞ் செய்தனர். 1547-இல் ஸ்பெயினுக்கு மீண்டவர் மறுபடி கடல் கடந்தாரில்லர்.

1550-51-ஆம் வருஷங்களில் வல்யதோலித் நகரில் கற்றோர் சபை கூடியது. அமெரிக்காவைக் கண்ணாலும் கண்டிராத பண்டிதர் செபுல்வேதா, சிலர் பிறப்பினாலேயே ஏவலுக்குரியோர் என்னும் அரிஸ்தோத்தலின் கொள்கையைப் பற்றிநின்று வாதித்தார். லாஸ் காஸாஸ் ஐந்து நாட்கள் இடைவிடாது தம் மறுப்பை வாசித்தார். சபையோர் தீர்ப்பெதுவும் வெளியிடவில்லை.

1552-இல் அவர் அச்சிட்ட சிறு நூல் டச்சு, ஆங்கிலம் முதலிய பாஷைகளில் பின்னர்ப் பெயர்க்கப்பட்டது. அதிற் கண்ட மாண்டோர் தொகைகள் மிகையென்று பிற்காலத்து ஆராய்ச்சியாளர் கருதுவர். ஸ்பெயினைத் தூற்ற அந்நூலை ஏந்திய தேசத்தார், பின்னர்த் தாம் கைக்கொண்ட நாடுகளில் அதனை மறந்தனர்.

1566-ஆம் வருஷம் ஜூலை 18-இல் மாத்ரித் நகரில் தேகவியோகமடைந்தார். அவருடைய பெருஞ்சரித்திர நூல் அச்சேறத் தொடங்கியது 1875-இல். கண்டுபிடித்தோர்க்கே நிலம் உரியது என்னும் கொள்கையைத் திருச்சபை நிராகரிப்பதாக வத்திக்கான் அறிவித்தது 2023-ஆம் வருஷம் மார்ச்சு 30-இல்.

அவர் மேற்றிராணியாராயிருந்த நகரம் 1848 முதல் அவர் பெயரைத் தாங்கிச் சான் கிறிஸ்தோபல் தெ லாஸ் காஸாஸ் எனப்படுகிறது. பிறந்த ஆண்டு 1474 என்று அந்நாளில் கொள்ளப்பட்டிருந்தமையால், 1974-இல் அவருடைய ஐந்நூறாம் ஆண்டைக் குறித்து அங்கே பூர்வகுடிகளின் மகாநாடு ஒன்று கூடியது. ட்சோட்சில், ட்செல்தால், சோல், தொஹொலபால் என்னும் நான்கினத்தார் மலைக் கிராமங்களிலிருந்து வந்து தத்தம் பாஷைகளில் பேசினர். அவர்கள் எடுத்துக்கொண்ட விஷயங்கள் நிலம், வாணிபம், கல்வி, சுகாதாரம் என்பன.