ரேடியோ இல்லாத வானில் எமி ஜான்சன்

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ நின்று அண்ணாந்து பார்க்கும்போது தெரியும் பயணிகள் விமானம் எதுவும் தன் விருப்பத்துக்குப் பறப்பதில்லை. சுபாங், சிப்பாங் விமான நிலையங்களைச் சுற்றியுள்ள வான்வெளி கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. எந்த உயரம், எந்தத் திசை என்பதைத் தரையில் இருக்கும் ஒருவர் ரேடியோவில் சொல்கிறார். ஆனால் உலகில் எல்லா வானமும் இப்படி இல்லை. அனைத்துலக விதிகளில் 'ஜி' வகை எனப்படும் வான்வெளியில் பறக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மற்ற விமானங்களிடமிருந்து நம்மை விலக்கிவைக்கவும் அங்கே யாரும் இல்லை. அதைத்தான் கட்டுப்பாடற்ற வான்வெளி என்கிறார்கள்.

தனியார் விமானி உரிமத்துக்குப் படித்துவரும் என் பல்கலைக்கழகத் தோழி ஒருத்தி இந்தப் பாடத்தை எனக்கு விளக்கினாள். பெயர்தான் 'கட்டுப்பாடற்ற', விதிகள் நிறையவே உண்டு. இரு விமானங்கள் நேருக்கு நேர் வந்தால் இரண்டும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். (சாலையில் இடப்பக்கம் ஓட்டும் நமக்கு இது விசித்திரம்தான். கப்பல்களின் வழக்கம் வானத்துக்கு வந்துவிட்டது.) பாதைகள் குறுக்கிட்டால், வலப்பக்கம் இருக்கும் விமானத்துக்கு மற்றது வழிவிட வேண்டும். தாழ்வான உயரத்தில் கண்ணால் பார்த்துப் பறப்பவருக்குப் பொதுவாக 5 கிலோமீட்டர் தூரமாவது தெரிய வேண்டும். மேகத்துக்குள் நுழையக் கூடாது. தரை கண்ணில் பட வேண்டும். இதில் எதையும் மேலிருந்து ஒருவர் சரிபார்ப்பதில்லை. பார்ப்பதும் முடிவெடுப்பதும் விமானிதான்.

அவள் பேசப் பேச எனக்கு எமி ஜான்சன்தான் நினைவுக்கு வந்தார். அவர் காலத்தில் ஏறக்குறைய உலகத்து வானம் முழுவதுமே இப்படித்தான் இருந்தது.

எமி 1903 ஜூலை 1ஆம் தேதி இங்கிலாந்தின் ஹல் நகரில் பிறந்தவர். தந்தை மீன் வணிகர். ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் உள்ளிட்ட பாடங்களில் பட்டம் பெற்று, லண்டனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தார். பட்டம் வாங்கியும் தட்டச்சுதானா என்று இன்றைய மாணவர்கள் கேட்பார்கள். அன்று பட்டதாரிப் பெண்களுக்கு வாய்ப்புகள் குறைவு. சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஸ்டாக் லேன் விமானக் கழகத்தில் சேர்ந்தார். 1929இல் விமானி உரிமம் பெற்றார். அதே ஆண்டில், பிரிட்டனில் தரைப் பொறியாளர் உரிமம் பெற்ற முதல் பெண்ணும் ஆனார். என்னைக் கேட்டால், இந்த இரண்டாவது உரிமம்தான் அவருடைய வாழ்க்கையின் முக்கியத் திருப்பம். எண்ணெய்க் கறை படிந்த கையோடு இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவருக்குத்தான் அடுத்து வந்த பயணம் சாத்தியமாயிற்று.

1930 மே 5ஆம் தேதி, லண்டனுக்கு அருகிலுள்ள குரோய்டனிலிருந்து தனியாக ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டார். வயது 26. அதற்குமுன் அவர் பறந்த மிக நீண்ட தூரமே லண்டனிலிருந்து ஹல் வரைதான். தந்தையும் வேக்ஃபீல்ட் பிரபுவும் கொடுத்த பணத்தில் வாங்கிய பழைய ஜிப்ஸி மோத் விமானத்துக்கு, தந்தையின் மீன் வணிகச் சின்னமான 'ஜேசன்' என்ற பெயரையே வைத்தார். திறந்த இருக்கை. ரேடியோ கிடையாது. வரைபடம், திசைகாட்டி, கண்.

துருக்கியின் டாரஸ் மலைத்தொடரில் மேகம் வழியை மறைத்தது. மேலே ஏறித் தாண்டப் பார்த்தார், இயந்திரம் தடுமாறியது. உடனே கீழிறங்கி, மலையிடுக்கில் ஓடிய ரயில் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் வந்து சேர்ந்தார். மேகத்துக்கு வெளியே இரு, தரையை விடாதே என்று என் தோழியின் பாடநூல் சொல்வதை அவர் அங்கே செய்து காட்டினார். ஈராக்கில் மணற்புயல் வந்தபோது பாலைவனத்திலேயே இறங்கி, விமானம் பறந்துவிடாமல் அதன் வாலில் உட்கார்ந்துகொண்டார். இறங்குவது அவமானம் என்று அவர் நினைக்கவில்லை.

கராச்சியை அடைந்தபோது, 1928இல் பெர்ட் ஹிங்க்லர் படைத்த சாதனையைவிட இரண்டு நாள் முன்னிலையில் இருந்தார். அதன்பின் இந்தியாவில் எரிபொருள் குறைந்து ஜான்சியின் அணிவகுப்புத் திடலில் இறங்க நேர்ந்தது. பர்மாவில் கொட்டும் மழை. ரங்கூன் குதிரைப் பந்தயத் திடல் என்று எண்ணி, இன்சேன் தொழில்நுட்பக் கல்லூரியின் விளையாட்டுத் திடலில் இறங்கிவிட்டார். விமானம் பள்ளத்தில் சரிந்து இறக்கை கிழிந்தது. அந்தக் கல்லூரி ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து அதைச் சரிசெய்தார்கள். முதல் உலகப் போரில் மிஞ்சிய விமானத் துணியில் தைத்த சட்டைகள் உள்ளூரில் இருந்தன. அவற்றைப் பிரித்து இறக்கைக்கு ஒட்டுப்போட்டார்கள். எமியின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. நம் வயதுப் பிள்ளைகள் கைவைத்த விமானம் அது.

அந்த விமானம்தான் மே 18 அன்று, அப்போது சிங்கோரா எனப்பட்ட சொங்க்லாவிலிருந்து கிளம்பி, நம் மலாயாவின் நீளத்தைக் கடந்து சிங்கப்பூரில் இறங்கியது. மே 24இல் டார்வின். மொத்தம் ஏறத்தாழ 11,000 மைல். ஹிங்க்லரின் சாதனையை முறியடிக்க முடியவில்லை. ஆனால் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த முதல் பெண் என்ற பெயர் நிலைத்தது.

பிறகு புகழ், பரிசு, டோக்கியோவுக்கும் கேப் டவுனுக்கும் பயணங்கள், விமானி ஜிம் மோலிசனுடன் திருமணம், 1938இல் மணமுறிவு. இவற்றை எந்த நூலிலும் படிக்கலாம்.

இரண்டாம் உலகப் போரில் எமி, விமானப் போக்குவரத்துத் துணைப்படையில் சேர்ந்தார். புதிய, பழுதுபார்த்த போர் விமானங்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேலை. அவர்கள் ரேடியோ இல்லாமல், கண்ணால் தரையைப் பார்த்தே பறந்தார்கள். வானிலை மோசமாக இருந்தால் பறக்க மறுக்கும் உரிமை விமானிக்கு இருந்தது.

1941 ஜனவரி 5. பிளாக்பூலிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகிலுள்ள கிட்லிங்டனுக்கு ஓர் 'ஏர்ஸ்பீட் ஆக்ஸ்ஃபோர்ட்' விமானத்தைக் கொண்டுபோக வேண்டும். மிஞ்சிப்போனால் ஒன்றரை மணி நேரப் பயணம். உறைகுளிர், தெளிவில்லாத வானம். ஆனாலும் முற்பகலில் புறப்பட்டார். மேகத்துக்கு மேலே போய்விட்ட பிறகு இறங்க இடைவெளி கிடைக்காமல் வழி தவறியிருப்பார் என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். மேலே வெயிலடிக்கும், கீழே ஊர் எது, மலை எது, எதிரி விமானத்தைத் தடுக்கக் கம்பியில் கட்டி விட்டிருக்கும் பலூன் எது என்று எதுவும் தெரியாது. இன்று அதே இடத்தில் மாட்டிக்கொள்ளும் ஒரு விமானி ரேடியோவில் உதவி கேட்கலாம். ரேடார் அவரைக் கண்டுபிடித்து வழிகாட்டும். எமியிடம் பேச எதுவும் இல்லை.

சுமார் மூன்றரை மணி நேரத்துக்குப் பிறகு, சேரவேண்டிய இடத்துக்குச் சுமார் 170 கிலோமீட்டர் கிழக்கே, தேம்ஸ் முகத்துவாரத்தில் ஹெர்ன் பேக்கு அப்பால் ஒரு பாராசூட் இறங்குவதைக் கடற்படையினர் பார்த்தார்கள். 'ஹேசல்மியர்' கப்பலின் தளபதி வால்டர் ஃபிளெட்சர் காப்பாற்றுவதற்காகப் பனிக்கடலில் குதித்தார். குளிரில் விறைத்து அவரும் இறந்தார். தவறுதலாக நம் தரப்பே அவ்விமானத்தைச் சுட்டது என்று பிரிட்டிஷ் முன்னாள் பீரங்கிப் படைவீரர் ஒருவர் 1999இல் சொன்னார். அது நிரூபணமாகவில்லை.

டாரஸ் மலையில் கீழிறங்கிய 26 வயதுப் பெண், 37 வயதில் ஏன் மேலே ஏறினார்? அனுபவம் தந்த துணிச்சலா, போர்க்காலத்தில் வேலையை முடித்தாக வேண்டும் என்ற அவசரமா? என் தோழியிடம் கேட்டேன். தரைமட்டத்திலிருந்து ஓரளவு உயரத்துக்கு மேல், மேகத்திலிருந்து 300 மீட்டர் தள்ளியிருந்தால் மேலே பறக்க அனைத்துலக விதி இன்றும் இடம் கொடுக்கிறது என்றாள். இறங்க இடைவெளி இருக்குமா என்பதை விதி சொல்வதில்லையாம்.

எமியின் உடல் கிடைக்கவில்லை. அவருடைய பயணப்பையும் பறத்தல் பதிவேடும் கடலிலிருந்து மீட்கப்பட்டன.