சதுரங்க மாவீரரைத் தோற்கடித்த சுல்தான் கான்

ரத்தம் சிந்தாத போர் ஒன்று உண்டு. அதற்கு ஒரு மேஜைதான் போர்க்களம். எதிரிகள் இரண்டே பேர். ஆளுக்கு 16 காய்கள்.

அதுதான் சதுரங்கம்!

யானை, குதிரை, தேர், காலாள் ஆகிய நால்வகைப் படைக்குச் சதுரங்கம் என்று பெயர். அந்தப் பெயரே விளையாட்டுக்கும் வந்தது. நம் நாட்டில் பிறந்த அந்த விளையாட்டு, பாரசீகம், அரேபியா வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. போன இடத்தில் அதன் சட்டங்கள் மாறின.

பல நூற்றாண்டுகள் கழிந்தன. ஓர் இந்தியர் கப்பல் ஏறி ஐரோப்பாவுக்குப் போனார். அவர்களுடைய சட்டப்படியே ஆடி, அவர்களுடைய பெரிய வீரர்களைத் தோற்கடித்தார்.

அவர்தான் மீர் சுல்தான் கான்.

தந்தை தந்த பாடம்

சுல்தான் கான் பஞ்சாபில் பிறந்தவர். அவர் பிறந்த பகுதி இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது.

9 வயதில் தந்தையிடம் சதுரங்கம் கற்றார். அது நாட்டுச் சதுரங்கம். அதில் சிப்பாய் எப்போதும் ஒரு கட்டம்தான் நகரும். ஐரோப்பிய ஆட்டத்திலோ, முதல் தடவை இரண்டு கட்டம் போகலாம். நாட்டு ஆட்டத்தில் ராஜா ஒரே ஒரு முறை குதிரை போலத் தாவலாம். ஐரோப்பிய ஆட்டத்தில் அது கிடையாது. அங்கே ராஜா, யானையின் துணையோடு கோட்டை கட்டிக்கொள்வார்.

21 வயதில், பஞ்சாபில் சுல்தான் கானை வெல்ல ஆள் இல்லை என்ற பெயர் வந்துவிட்டது.

அப்போது சர் உமர் ஹயாத் கான் என்ற பெரிய நிலப்பிரபு இருந்தார். அவர் சதுரங்கப் பிரியர். சுல்தான் கானைத் தம் வீட்டோடு வைத்துக்கொண்டார். ஐரோப்பிய ஆட்டத்தைப் பழகச் செய்தார்.

1928-ம் ஆண்டு அகில இந்தியப் போட்டி நடந்தது. சுல்தான் கான் 9 ஆட்டங்கள் ஆடினார். 8 வெற்றி. ஒன்று சமம். தோல்வியே இல்லை!

லண்டனில் முதல் சோதனை

1929-ம் ஆண்டு, சர் உமர் லண்டனுக்குப் போனார். சுல்தான் கானையும் அழைத்துச் சென்றார்.

அங்கே பழக்கத்துக்காக ஒரு சிறு போட்டி வைத்தார்கள். அதில் சுல்தான் கான் கடைசி இடத்துக்கு வந்துவிட்டார். காரணம் என்ன?

ஆட்டத்தை எப்படித் தொடங்குவது என்பது பற்றி ஐரோப்பியர்கள் ஏராளமான புத்தகங்கள் எழுதியிருந்தார்கள். மற்ற வீரர்கள் அவற்றைப் படித்து மனப்பாடம் செய்தவர்கள். சுல்தான் கானோ புத்தகம் பார்த்து ஆடக் கற்றவர் அல்ல.

குளிர் வேறு அவரை வாட்டியது. அடிக்கடி சளியும் காய்ச்சலும் வந்தன. கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டுதான் ஆட உட்காருவார்.

வின்டர், யேட்ஸ் என்ற இரண்டு ஆங்கில ஆட்டக்காரர்கள் அவருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அதே ஆண்டு கோடையில் பிரிட்டிஷ் சாம்பியன் போட்டி நடந்தது. வென்றவர் சுல்தான் கான்! அவர் இங்கிலாந்துக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன.

ஹேஸ்டிங்ஸ் போர்க்களம்

இங்கிலாந்தின் தென் கடற்கரையில் ஹேஸ்டிங்ஸ் என்று ஓர் ஊர். 1066-ம் ஆண்டில் நடந்த பெரும் போரின் பெயரால் சரித்திரத்தில் இடம் பெற்ற ஊர் அது.

பிற்காலத்தில் அதே பெயர் மேஜைப் போருக்கும் பிரபலமாயிற்று. அங்கே ஒரு சதுரங்கச் சங்கம் இருந்தது. 1920 முதல், கிறிஸ்துமஸ் விடுமுறைக் காலத்தில் ஆண்டுதோறும் போட்டி நடத்திவந்தது. அது சதுரங்கப் பிரியர்களுக்கு ஒரு திருவிழா. சாதாரண ஆட்டக்காரர்கள் ஒரு பக்கம் ஆடுவார்கள். உலகப் புகழ் பெற்றவர்கள் ஒரு பக்கம் ஆடுவார்கள்.

1930-ம் ஆண்டு முடியும் நேரம். அந்த விழாவுக்குக் காபாபிளாங்கா வந்திருந்தார்.

கியூபா நாட்டைச் சேர்ந்த காபாபிளாங்கா, 1921 முதல் 1927 வரை உலக சாம்பியனாக இருந்தவர். ஒரு காலத்தில் 8 ஆண்டுகள் ஒரு போட்டி ஆட்டத்தில்கூடத் தோற்காதவர்.

அவருக்கு எதிரே சுல்தான் கான் உட்கார்ந்தார்.

சுல்தான் கான் அவசரப்படவில்லை. எதிரியின் காய்களை மெல்ல மெல்ல நெருக்கினார். காபாபிளாங்காவின் படைக்கு நகர இடம் குறைந்துகொண்டே வந்தது. 65 நகர்த்தல்கள் வரை ஆட்டம் நீண்டது. கடைசியில் காபாபிளாங்கா தோற்றார்!

தம்மை வென்றவர் ஒரு மேதை என்று காபாபிளாங்காவே பின்னர் எழுதினார்.

1931-ம் ஆண்டு டார்டகோவர் என்ற பெரிய வீரரோடு 12 ஆட்டங்கள் கொண்ட போட்டி. அதிலும் சுல்தான் கானுக்கே வெற்றி. 1932, 1933 ஆகிய ஆண்டுகளிலும் அவரே பிரிட்டிஷ் சாம்பியன்.

1933-ம் ஆண்டுப் போட்டி ஹேஸ்டிங்சில்தான் நடந்தது. அதே விழாவில் பெண்கள் போட்டியில் வென்றவர் பாத்திமா. அவரும் சர் உமர் வீட்டைச் சேர்ந்தவரே!

விருந்தில் நடந்தது

அதே 1933-ம் ஆண்டு. அமெரிக்க வீரர்களுக்குச் சர் உமர் தம் லண்டன் வீட்டில் விருந்து வைத்தார். மேஜைக்கு உணவு கொண்டுவந்து பரிமாறியவர் யார்? சுல்தான் கான்! அமெரிக்கர்களுக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. விருந்துக்குப் போன ரூபன் ஃபைன் என்ற வீரர் இதை எழுதி வைத்திருக்கிறார்.

சுல்தான் கானின் குடும்பத்தார் இதை ஏற்பதில்லை. அவர் வேலைக்காரர் அல்ல, மதிப்புள்ள குடும்பத்தில் பிறந்தவர் என்கிறார்கள்.

எது எப்படி இருந்தாலும், ஒன்று உறுதி. சர் உமர் லண்டனில் இருந்தவரைதான் சுல்தான் கானுக்கு ஐரோப்பிய ஆட்டம். 1933-ம் ஆண்டு முடிவில் சர் உமர் ஊர் திரும்பினார். சுல்தான் கானும் திரும்பினார். உலக வீரர்களோடு அவர் மோதியது அத்தோடு முடிந்தது.

1935-ம் ஆண்டு காடில்கர் என்பவரோடு 10 ஆட்டங்கள் ஆடினார். 9 வெற்றி. ஒன்று சமம். அதன் பிறகு அவர் பெயர் பத்திரிகைகளில் மறைந்தது.

கிராமத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்தார். தம் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் கற்றுக்கொடுக்கவில்லை. இதைவிடப் பயனுள்ள வேலையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டாராம்!

1950-ம் ஆண்டு, உலகச் சதுரங்கச் சம்மேளனம் முதன்முதலாகக் 'கிராண்ட்மாஸ்டர்' பட்டம் வழங்கியது. சுல்தான் கான் அப்போது உயிரோடு இருந்தார். அவரிடம் தோற்றவர்கள் சிலருக்குப் பட்டம் கிடைத்தது. அவருக்குக் கிடைக்கவில்லை.

1966-ம் ஆண்டு அவர் காலமானார்.

58 ஆண்டுகளுக்குப் பின் பட்டம்

இன்று தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு சதுரங்கப் பலகை இருக்கிறது. 2022-ம் ஆண்டு மாமல்லபுரத்தில் உலகச் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது. 180-க்கும் மேற்பட்ட நாடுகளின் வீரர்கள் வந்தார்கள். வல்லக்கோட்டை, ஒரகடம் பக்கத்துக் குடும்பங்கள் ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய ஊர் அது.

2024-ம் ஆண்டு சென்னை இளைஞர் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார்.

அதே 2024-ம் ஆண்டில்தான் உலகச் சம்மேளனம் சுல்தான் கானை நினைத்துப் பார்த்தது. அவர் இறந்து 58 ஆண்டுகளுக்குப் பிறகு, கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் சதுரங்கப் பலகையை விரிக்கும்போது, அவர்களுக்குச் சுல்தான் கானின் கதையைச் சொல்லுங்கள்.